நம்பிக்கை மையம் ரிவ்யூ: லைன் பையனைக் கூட்டிட்டுப் போன அனுபவம், 5க்கு 4

திருப்பூர்ப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரில இருக்கற எச்ஐவி டெஸ்ட் மையமுங்க, ஆஸ்பத்திரி பேரு வேண்டாமுங்க. நான் பனியன் கம்பெனில லைன் சூப்பர்வைசர், என்ற லைன்ல பாதிக்கு மேல ஒடிசா, பீகார் பசங்க. ஓவர்லாக் அடிக்கற பையன் ஒருத்தன், 22 வயசு, ரெண்டு நாளா மொகமே சரியில்ல, டீ டைம்ல தனியா தள்ளிட்டுப் போயி கேட்டா ஒண்ணுக்குப் போனா எரியுது, சீழ் மாதிரி வருதுங்கறான். மெடிக்கல்ல ஏதோ மூணு மாத்திரை வாங்கி முழுங்கிருக்கான், என்ன மாத்திரைன்னு கேட்டா வெள்ளை கலருங்கறான்.

ஞாயித்துக்கெழமை போனோம், பூட்டிக் கெடந்துச்சு. நம்ம பசங்களுக்கு லீவே அன்னிக்குத்தான், இதுக்கே ஒரு மார்க் கொறைச்சுட்டேன். திங்கக்கெழமை அரை ஷிப்ட் போச்சு. மொதல்ல பால்வினை நோய் பாக்கற சுகவாழ்வு மையத்துல பாத்து மாத்திரை குடுத்தாங்க, அப்புறம் எச்ஐவி டெஸ்ட்டுக்கு நம்பிக்கை மையம், ரெண்டுக்கும் பைசா செலவில்ல.

கவுன்சிலர் அக்கா என்னைப் பாத்து "நீங்க யாருங்ணா?"ன்னாங்க. அவனுக்கு தமிழ் அரைகொறை, நான்தான் அவனோட சூப்பர்வைசர், இந்தில எடுத்துச் சொல்லலாம்னு வந்தேன்னேன். "சூப்பர்வைசர் முன்னாடி அவரு என்னத்தைங்ணா வாயத் தொறப்பாரு, வெளிய இருங்க"ன்னுட்டாங்க. எனக்கு அது தோணவே இல்லீங்க. அவங்களுக்கும் இந்தி சுமாருதான், ஆனா மேசை மேல மரத்துல செஞ்ச மாடல் ஒண்ணு இருந்துச்சு, அதுல காண்டத்தை மாட்டியே காட்டிருக்காங்க. மிச்ச சந்தேகத்துக்கு எச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கு போன் போடு, ராத்திரிலயும் எடுப்பாங்க, இந்திலயும் பேசலாம், காசில்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.

நான் ஒரு கிறுக்குத்தனமும் பண்ணுனேன். ரூம்ல எட்டு பேரு ஒண்ணா தங்கறாங்க, ரிசல்ட்டை எனக்கும் சொல்லிருங்கன்னு கேட்டுட்டேன். ஒரே ரூமு, ஒரே தட்டுன்னா பரவாதுங்ணா, அவரு சம்மதம் இல்லாம யாருக்கும் சொல்லக் கூடாது, 2017லயே சட்டம் வந்தாச்சுன்னாங்க. சரிங்கம்மான்னு வந்து பெஞ்சுல உக்காந்துட்டேன்.

அப்புறம் டீக்கடைல அவனே சொன்னான். காண்டத்தை பர்ஸ்ல வெச்சா சூட்டுக்கு வீணாயிருமாம், தேங்கா எண்ணெய் தடவுனா கிழிஞ்சிருமாம், எச்ஐவி புதுசா தொத்திருந்தா டெஸ்ட்டுல உடனே தெரியாதாம் அதனால மூணு மாசம் கழிச்சு மறுபடி வரணுமாம், எப்பவாச்சும் ரிஸ்க் ஆகி எச்ஐவி பயம் வந்தா 72 மணி நேரத்துக்குள்ள போனா தடுக்க 28 நாள் மருந்து இருக்குதாம். கூட இருந்த புள்ளையும் மருந்து சாப்டணும்னாங்களாம், அதைச் சொல்றப்ப மட்டும் டீ கிளாஸையே பாத்துட்டு இருந்தான். நான் ஒண்ணும் கேக்கல.

கொறைன்னா, போர்டு பூரா தமிழ்லதான் இருக்குது, வர்றவன்ல பாதிப்பேருக்கு படிக்கத் தெரியாது. இன்னொண்ணு, இலவச காண்டம் பொட்டிய ஓபி சீட்டு வாங்கற கியூவுக்கு நேரெதிர்ல மாட்டி வெச்சிருக்காங்க. நாப்பது பேரு பாக்க எவன் கைய உடுவான்? பாத்ரூம் பக்கமா மாத்தி வைங்க சாமி.