நெஞ்செரிச்சலுக்குக் ‘குடல் சுத்திகரிப்பு’ விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

நெஞ்செரிச்சலும் எதுக்களிப்புமாக அவதிப்படுகிறவர்களிடம் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்: “கோளாறு மேலே இல்லை. பெருங்குடலில் பல வருடக் கழிவு ஒட்டிக் கிடக்கிறது, அந்த வாயுதான் அமிலத்தை மேலே தள்ளுகிறது.” பிறகு, பல அமர்வுகள் கொண்ட குடல் சுத்திகரிப்புத் திட்டம், முழுப் பணமும் முன்கூட்டியே. எரிச்சல் குறையவில்லை என்று போய்க் கேட்டால், “நச்சு இன்னும் வெளியேறவில்லை” என்று அடுத்த திட்டத்தைத் தலையில் கட்டுகிறார்கள்.

ஆளை நம்பவைப்பது கழிப்பறையில் வெளிவரும் கயிறு போன்ற பாளங்கள். அவை பழைய கழிவு அல்ல. குடிக்கக் கொடுத்த இசப்கோல் உமியும் பென்டோனைட் களிமண்ணும் தண்ணீரில் ஊறிக் குடலின் வடிவில் திரண்டு வெளியே வருகின்றன. பெருங்குடலின் உட்பரப்பில் உள்ள செல்கள் சில நாட்களுக்கொரு முறை உதிர்ந்து புதிதாகின்றன. வருடக்கணக்கில் எதுவும் அங்கே ஒட்டியிருக்க முடியாது. ஆசனவாய் வழியே கேமரா செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் அப்படி ஒரு படலத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்தப் பேச்சு எடுபடுவதற்குக் காரணம், அதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான். எதுக்களிப்பு உள்ள பலருக்கு எரிச்சல் கொண்ட குடல் நோய்க்குறியும் (ஐபிஎஸ், வயிற்றுவலியும் மலப்போக்கு மாறுதலும்) சேர்ந்தே இருக்கிறது. மலச்சிக்கலில் முக்கும்போது வயிற்றழுத்தம் ஏறி எதுக்களிப்பு கூடலாம். அதற்கு நார்ச்சத்தும் சாதாரண மலமிளக்கியும் போதும். உணவுக்குழாயையும் பெருங்குடலையும் சேர்த்துத் தாக்கும் நோய்களும் உண்டு. குடல் அழற்சி நோயான குரோன் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரும். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் ஸ்கிளிரோடெர்மா இரண்டு இடத்துத் தசைகளையும் செயலிழக்கச் செய்யும். லத்தீன் அமெரிக்காவில் காணப்படும் ஒட்டுண்ணித் தொற்றான சாகஸ் நோய் இரண்டு இடத்து நரம்பு செல்களையும் அழித்து, உணவுக்குழாயையும் பெருங்குடலையும் வீங்கச் செய்யும். இவற்றில் ஒன்றுகூடக் குடலைக் கழுவினால் தீராது.

ஆனால் கேடு வரும். குழாய் செருகும்போது குடல் கிழிந்திருக்கிறது. காபி எனிமாவால் மலக்குடல் வெந்திருக்கிறது, உப்புச்சத்து குலைந்து உயிரே போயிருக்கிறது. குடலைக் காலியாக்கக் கொடுக்கும் சோடியம் பாஸ்பேட் மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. வாய்வழி எடுப்பவற்றுக்கு 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது. சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

முறையான மருத்துவமனையிலும் மோசமாக நடத்தப்படுவது உண்டு. எங்கள் பார்வையில் மிகவும் ஆபத்தானது இந்தத் தவறுதான்: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயில் லேசான புண். “அமிலப் புண்தான் காரணம்” என்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோலும் இரும்பு மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இப்படி நடக்கவே கூடாது. லேசான புண்ணைக் காரணமாக ஏற்றுக்கொள்ளாமல் பெருங்குடலையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் வலப்பக்கப் புற்றுநோய் வலியில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும். மாத்திரையில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்பதால் கட்டி இல்லை என்றாகிவிடாது.

ஃபிட் என்னும் மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்தால், பழியை உணவுக்குழாய் மீது போடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அது தேடுவது குளோபின் என்ற புரதத்தை. மேலே கசியும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே பெரும்பாலும் செரித்துப்போகும். எனவே அடுத்த படி கொலோனோஸ்கோபிதான்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் எடுப்பவருக்கு விடாத நீர்ப்பேதி வந்தால், “நரம்புத் தளர்ச்சி, டென்ஷன்” என்று ஒதுக்கிவிடுவதும் தவறு. இந்த மாத்திரைகளோடு, குறிப்பாக லான்சோப்ரசோலோடு, நுண்ணோக்கிப் பெருங்குடல் அழற்சிக்குத் தொடர்பு உண்டு. கேமராவில் குடல் இயல்பாகவே தெரியும். வலப்பக்கமும் இடப்பக்கமும் திசு எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். கிளாஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் கிருமித் தொற்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக் கொடுத்தவரிடம் பேசி முடிவெடுங்கள்.

விழுங்கச் சிரமம், எடை குறைதல், ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம் இருந்தால் உடனே போங்கள். மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலும் தள்ளிப்போடாதீர்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அதை எடுப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கொலோனோஸ்கோபி அறிக்கையைக் கையில் வாங்கியதும் மூன்றைத் தேடுங்கள்: பெருங்குடலின் தொடக்கமான சீகம் வரை கருவி போனதா, குடல் எந்த அளவுக்குச் சுத்தமாக இருந்தது, எங்கிருந்து எத்தனை திசு மாதிரிகள் எடுத்தார்கள். சீகம் வரை போகவில்லை என்றாலோ, குடல் சுத்தமாக இல்லை என்றாலோ, ‘இயல்பு’ என்று எழுதியிருந்தாலும் மறுபரிசோதனை எப்போது என்று கேட்டு, தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.