குளிர்ந்த பீட்ரூட் சாலட்: சுடுவதா, வேகவைப்பதா?

பாலக்காட்டுக் கணவாயில் வெயில் ஏறிவிட்டால் மதியச் சோற்றுக்குச் சூடான கறி எதுவும் தொண்டையில் இறங்காது. மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடுகிற பூமி இது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள-தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊர்களில் அந்த நாட்களில் தொட்டுக்கொள்ள ஆறின பதார்த்தம்தான் வேண்டியிருக்கிறது. பீட்ரூட் அதற்கு வாகான காய். உடுமலைப் பக்கம் நிறைய விளைகிறது, நீலகிரியிலிருந்தும் வருகிறது, சந்தையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

இங்கே தமிழ் வீடுகளில் பீட்ரூட் என்றால் பொரியல். மலையாள வீடுகளில் தேங்காய் அரைத்துத் தயிர் சேர்த்த பச்சடி; ஓணத்துக்கு இலையில் சிவப்பாக ஓரத்தில் இருக்குமே, அது. இரண்டையும் நான் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. காயை முழுசாகச் சுட்டு, தோலுரித்து, ஆறவைத்து, கொஞ்சம் புளிப்பும் எண்ணெயும் சேர்த்துக் குளிரக் குளிரப் பரிமாறும் சாலட். இதை எங்கள் பக்கம் யாரும் அவ்வளவாகச் செய்வதில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னபோது, "எதுக்கு மோளே இத்தனை பாடு, குக்கர்ல ரெண்டு விசில் விட்டா பத்தாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும்.

நாக்குக்கு ஒரு குணம் உண்டு. பண்டம் குளிர்ந்திருந்தால் அதன் இனிப்பு மங்கலாகத்தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டத் திகட்ட இனிப்பதும், அதுவே உறைந்திருக்கும்போது அளவாக இருப்பதும் இதனால்தான். பச்சை பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். தோல் சீவி நறுக்கித் தண்ணீரில் வேகவைத்தால் சர்க்கரையும் நிறமும் அந்தத் தண்ணீருக்குப் போகின்றன. சூடாகச் சாப்பிடும் பொரியலில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. தாளிப்பும் தேங்காயும் ஈடுகட்டிவிடும். ஆறவைத்துச் சாப்பிடும்போது அந்தக் காய் சப்பென்று நிற்கும். சுட்டால் இதற்கு நேர்மாறு: தண்ணீர் வெளியேறுகிறது, சர்க்கரை உள்ளேயே தங்குகிறது. அதனால் ஆறின பிறகும் காய் தித்திக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

துருவிப் பச்சையாகப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நிமிஷ வேலை. மொறுமொறுப்பு வேண்டுகிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் மண்வாசனை தூக்கலாக இருக்கும், உப்புப் பட்டதும் தண்ணீர் விடும்.

தண்ணீரில் மூழ்க வேகவைப்பதையும் குக்கரில் வேகவைப்பதையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசிவிடுகிறோம். குக்கரிலேயே இரண்டு வழி இருக்கிறது. அடியில் தண்ணீர் விட்டு, அதன்மேல் தட்டோ கிண்ணமோ வைத்து, காயைத் தண்ணீர் படாமல் முழுசாக வைத்தால் அது ஆவியில் வேகும். தோல் சீவக் கூடாது. தண்டை இரண்டு விரல்கடை விட்டு நறுக்க வேண்டும், வால் வேரையும் வெட்டக் கூடாது. வெட்டின இடத்தில்தான் சாறு ஒழுகும். நடுத்தர அளவுக் காய்க்கு ஐந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். இப்படி வெந்த காயில் நிறம் கெடுவதில்லை, சர்க்கரையும் அவ்வளவு போவதில்லை. சுட்ட ருசி மட்டும் இருக்காது. அதற்கும் ஒரு வழி உண்டு: தோலுரித்து, கனமான வில்லைகளாக நறுக்கி, காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் தடவி இரண்டு பக்கமும் லேசாகக் கருகவிட்டு எடுப்பது. மேல்பக்கத் தண்ணீர் வற்றி ஓரம் பழுப்பேறும். கேஸ் அடுப்பு மட்டும் இருக்கிற வீட்டுக்கு, வேலைக்குப் போகிற அவசரத்துக்கு, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஓவன் இருந்தால் வேலை சுலபம், நேரம்தான் அதிகம். 200 டிகிரியில் சூடேற்றி, காயைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி, அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் கைப்பிடி அளவுக் காய் வேக ஒரு மணி நேரம் ஆகும். கத்தி தடையில்லாமல் நடுவரை இறங்க வேண்டும், அதுதான் பதம். 1500 வாட் ஓவன் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்குள் மின்சாரம் செலவாகும். நாலு காய்க்காக அதைச் செலவழிப்பது எனக்கு உவப்பில்லை. விருந்துக்கு இரண்டு கிலோ சுட வேண்டுமென்றால் ஓவனே சரி. அலுமினியத் தாள் பற்றி இரண்டு எச்சரிக்கை. எலுமிச்சையோ வினிகரோ தடவிச் சுற்றக் கூடாது, புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். சுட்டு எடுத்த காயைத் தாளோடு வெளியில் மணிக்கணக்கில் போட்டு வைக்கவும் கூடாது. காற்றுப் புகாத வெதுவெதுப்பில் நச்சுக் கிருமி வளர இடமுண்டு. எடுத்த உடனே பிரித்து, ஆறின கையோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

கனமான இரும்பு வாணலியில் கல்லுப்பைப் பரப்பி, அதில் காயைப் புதைத்து மூடி, மிதமான தீயில் வைத்தும் சுடலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கேஸ் செலவு கொஞ்சம் உறுத்தும். உப்பை எடுத்து வைத்து அடுத்த முறையும் பயன்படுத்தலாம்.

என் மனசு இருப்பது விறகடுப்பில். தென்னந்தோப்பு சூழ்ந்த எங்கள் பக்கத்தில் மட்டைக்கும் கொட்டாங்குச்சிக்கும் குறைவில்லை. பல வீடுகளில் வெந்நீருக்கும் சோறு வடிக்கவும் புறக்கடை அடுப்பு இன்னமும் எரிகிறது. சோறு வடித்த பிறகு அடுப்பில் மிஞ்சும் தணலுக்குத் தனிச் செலவு கிடையாது. தீ அடங்கிச் சாம்பல் பூத்த தணலில் காயை முழுசாகப் புதைத்து, மேலேயும் சாம்பலை மூடிவிட வேண்டும். முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். கொட்டாங்குச்சித் தணல் சூடு அதிகம். அது மட்டும் என்றால் சீக்கிரம் பார்க்க வேண்டும். தோல் கரியாகி, இடுக்கியால் அமுக்கினால் காய் லேசாக அமுங்கும். உள்ளே சதை கருஞ்சிவப்பாக, பிசுபிசுப்பாக, புகைமணத்தோடு இருக்கும். கத்தரிக்காயைச் சுட்டுத் தின்று பழகின நாக்குக்கு இந்த மணத்தை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஓவனில் எவ்வளவு பக்குவமாகச் சுட்டாலும் இந்தப் புகைமணம் கிடைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சாம்பல் காரத்தன்மை உள்ளது. பீட்ரூட்டின் சிவப்பு, புளிப்பில் பளிச்சென்று நிற்கும். சாம்பலின் காரம் (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரான குணம்) பட்டால் மஞ்சளோடிப் பழுப்பாகிவிடும். அதனால் காயைத் தோலோடுதான் சுட வேண்டும். எடுத்ததும் ஈரத்துணியால் சாம்பலைத் துடைத்துவிட்டு அப்புறம் உரிக்க வேண்டும். உரித்த காயைக் கழுவினால் பாடுபட்டதெல்லாம் தண்ணீரோடு போகும்.

எந்த வழியில் சுட்டாலும் தோலைக் கடைசியில் உரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பீட்ரூட்டின் மண்வாசனைக்கு ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். மழை பெய்த மண் மணப்பதும் அதனால்தான். அது தோலில்தான் அதிகம் இருக்கிறது, தோலோடு பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தைப் புளிப்பு அடக்கும். அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமில்லாத வேறு பொருளாக மாறிவிடுகிறது. பீட்ரூட் பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பலருக்குப் பிடிக்காதது இந்த வாசனைதான். அவர்களுக்குத் தாராளமாகப் புளிப்பு சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

எந்தப் புளிப்பு என்பதில்தான் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்மையான போட்டி. தயிர் பக்கம் நிற்பவர்களுக்கு வலுவான வாதம் இருக்கிறது. தேங்காயும் பச்சைமிளகாயும் கடுகும் அரைத்துச் சேர்த்த தயிரில் பீட்ரூட்டின் தித்திப்பு அழகாகப் பொருந்தும். வெயிலுக்கு வயிறும் குளிரும். ஆனால் தயிரில் விழுந்த பீட்ரூட் தன் உருவத்தை இழந்துவிடுகிறது. எல்லாமே ஒரே ரோஜா நிறம், ஒரே குழைவு. சுட்டு வரவழைத்த புகைமணமும் தயிரில் அமுங்கிப்போகும். பச்சடிதான் செய்யப்போகிறீர்கள் என்றால் சுட வேண்டாம், குக்கர் ஆவியே போதும். அந்த இடத்தில் பக்கத்து வீட்டு அம்மா சொன்னது முழுக்கச் சரி. காய் நன்றாக ஆறின பிறகே தயிர் சேர்க்க வேண்டும், சூட்டில் சேர்த்தால் திரிந்து நீர்த்துவிடும்.

எலுமிச்சை நம்பகமானது, எப்போதும் கிடைப்பது. காய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிழிந்துவிட்டால் உள்ளே ஊறும். ஆறின பிறகு பிழிந்தால் மேலோடு நிற்கும். புளித்தண்ணீர் நிறத்தை மங்கடிக்கிறது. அதற்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.

என் ஓட்டு மாங்காய்க்கு. முதலமடை எங்களுக்குப் பக்கம். மற்ற ஊர்களில் மா இன்னும் பிஞ்சாக இருக்கும்போதே அங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். நல்ல புளிப்புள்ள மாங்காயை மெல்லிய குச்சிகளாக நறுக்கி, வெதுவெதுப்பான பீட்ரூட்டோடு பிசிறி வைத்தால், மாங்காய் ஓரங்களில் சிவப்பேறும், பீட்ரூட்டுக்குள் புளிப்பு இறங்கும். எலுமிச்சையால் தர முடியாத ஒன்று மாங்காயில் இருக்கிறது: கடிபடுகிற மொறுமொறுப்பு. சுட்ட காயின் மென்மைக்குப் பக்கத்தில் அது மிகவும் தேவை. சீசன் முடிந்தால் எலுமிச்சைக்கே திரும்புவேன், அதோடு மொறுமொறுப்புக்குப் பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம்.

எண்ணெய்ப் பேச்சு எடுத்தால் இங்கே சண்டையே வரும். தேங்காயெண்ணெய் இல்லாமல் தாளிப்பா என்பார்கள் ஒரு பக்கம், நல்லெண்ணெய் வாசம் வேண்டும் என்பார்கள் மறுபக்கம். இந்தச் சாலட்டில் ருசிக்கு முன்னால் பார்க்க வேண்டியது உறைநிலை. தேங்காயெண்ணெய் 25 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கும். ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த சாலட்டில் அது வெள்ளை வெள்ளையாகத் திரண்டு, நாக்கில் மெழுகுபோல் ஒட்டும். நல்லெண்ணெய் அந்தக் குளிரில் உறையாது. ஆகவே ஃப்ரிட்ஜுக்குப் போகிற சாலட்டுக்கு நல்லெண்ணெய். மண்சட்டியில் ஊற்றிய தண்ணீரின் குளிர்ச்சி போதும் என்று அடுக்களை மூலையில் வைத்துப் பரிமாறுகிறவர்கள் தேங்காயெண்ணெயையே வைத்துக்கொள்ளலாம், அதன் மணத்துக்கு இணையில்லை. சுட்ட பீட்ரூட்டோடு அது சேரும் விதம் தனி.

நான் செய்கிற அளவு இது. நாலு பேருக்கு அரைக் கிலோ பீட்ரூட், சிறிய காய்களாக. பெரிய காயில் நடுவில் நார் ஓடியிருக்கும், வேகவும் நேரமாகும். ஒரு சின்ன மாங்காயில் பாதி, சின்ன வெங்காயம் ஆறு, காந்தாரி மிளகாய் இரண்டு கீறியது. இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, ஒரு வரமிளகாய். வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதுவும் பரிமாறும்போதுதான்; முன்பே போட்டால் நமத்துவிடும். உப்பையும் கடைசியில் போடுங்கள், தண்ணீர் விடாமல் இருக்கும்.

மட்டையரிசிக் கஞ்சிக்கு இதைவிட நல்ல துணை வேறில்லை. பருப்புச் சாதத்துக்கும், பொரித்த மீனுக்கும் சேரும். புளிக்குழம்பு வைத்த அன்று வேண்டாம், இரண்டு புளிப்பும் மோதிக்கொள்ளும். அன்றைக்குப் பச்சடியே பொருத்தம்.

சுட்ட காயை உரித்து மூடி வைத்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். அதனால் தணல் நன்றாக இருக்கிற நாளில் கூடுதலாகச் சுட்டு வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளலாம். தயிர் சேர்த்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படித்தான் நிறம் கடக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். பீட்ரூட்டில் ஆக்ஸலேட் அதிகம். இலையோடு காய் கிடைத்தால் இலையைத் தூக்கி எறியாதீர்கள். அது கீரை இனம்தான், மறுநாள் பொரியலுக்கு ஆகும்.