“புது கூலிங் யூனிட்” என்று சொல்லி 2,300 டாலர் வாங்கினார்கள்: ஆர்வி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய டிராவல் ட்ரெய்லர் வாங்கினோம். ஆர்வி என்று சொல்கிற நடமாடும் வீடுகளில் ஒரு வகை, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போவது. பிள்ளைகளுக்கு லீவு விட்டால் பிக் பெண்ட், நியூ மெக்சிகோ என்று கிளம்பிவிடுவோம். அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. தோசை மாவு, தயிர், புளிக்குழம்பு, அம்மாவின் இன்சுலின் எல்லாம் ட்ரெய்லர் ஃப்ரிட்ஜில்தான் வரும். போன வருடம் மே மாதம் ஒரு காலை ஃப்ரிட்ஜைத் திறந்தபோது மூக்கைத் துளைக்கும் நெடி. வெளியே போய்ப் பின்பக்கத்துக் கம்பிக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். குழாயின் அடியில் மஞ்சள் பொடி படிந்திருந்தது.

இந்த ஃப்ரிட்ஜ் நம் வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி இல்லை. கம்ப்ரஸர் கிடையாது, ஓடுகிற பாகம் ஒன்றும் கிடையாது. கூலிங் யூனிட் என்பது மூடி வெல்ட் செய்த இரும்புக் குழாய்கள்தான். அவற்றுக்குள் அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். கீழே புரொப்பேன் கேஸ் நெருப்போ மின்சார எலிமெண்டோ சூடாக்க, அம்மோனியா பிரிந்து மேலே போய்க் குளிர்ந்து, திரும்பத் தண்ணீரில் கரையும். 1922ல் ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த முறை. குழாய் உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க சோடியம் குரோமேட் சேர்ப்பார்கள். அதுதான் அந்த மஞ்சள் பொடி. அது வெளியே தெரிந்தால் குழாய் ஓட்டை, யூனிட் போச்சு என்று அர்த்தம். ஊரில் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடிப்பது போல இதற்கு அடிக்க முடியாது. நான் முதலில் கூப்பிட்ட ஒருவர் 400 டாலருக்கு கேஸ் நிரப்பித் தருகிறேன் என்றார். நல்லவேளை, அவரை அன்றே அனுப்பிவிட்டேன்.

அடுத்து ஒரு ஆர்வி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனோம். புத்தம் புது கூலிங் யூனிட், இரண்டு வருட வாரண்டி, எல்லாம் சேர்த்து 2,400. ரொக்கமாகக் கொடுத்தால் 2,300 என்றார்கள். கொடுத்தேன். ரசீதில் “ஃப்ரிட்ஜ் ரிப்பேர்” என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் இருந்தது. வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இன்ஷூரன்ஸ் காரணமாக வெளியாட்களை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். நியாயமாகத்தான் தோன்றியது.

முதல் பயணத்திலேயே கீழ் அறை 58 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டுக்கு 40க்கு மேல் போகவே கூடாது. மாவு பொங்கி வழிந்தது, தயிர் புளித்தது. அம்மாவின் மருந்தை ஐஸ் பெட்டிக்கு மாற்றினோம். போன் செய்தால், டெக்சாஸ் வெயிலுக்கு இந்த வகை ஃப்ரிட்ஜ் இப்படித்தான் என்றார்கள். ஜூலையில் மறுபடி அதே நெடி, அதே மஞ்சள் பொடி. இந்த முறை, “ட்ரெய்லரைச் சாய்வாக நிறுத்தி ஓட்டியிருப்பீர்கள், வாரண்டி செல்லாது” என்று முடித்துவிட்டார்கள். சாய்வு இந்த ஃப்ரிட்ஜைக் கெடுக்கும் என்பது உண்மைதான். பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின் 6 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று கையேடுகள் சொல்கின்றன. ஆனால் நான் ஒவ்வொரு தடவையும் மட்டம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன். சாய்வைப் பற்றிய அந்த உண்மையே அவர்களுக்கு வசதியான சாக்காக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நாமே பிரித்துவிடுவோம் என்று பக்கத்துத் தெரு அண்ணனைக் கூப்பிட்டேன். “தம்பி, கேஸை மூடிட்டு, பிளக்கைக் கழட்டிட்டுத்தான் கை வைக்கணும்” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. புரொப்பேன் குழாய், 120 வோல்ட் பிளக், 12 வோல்ட் வயர்கள் எல்லாம் கழற்றி, வயர்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டோம். கதவுகளைக் கழற்றி, மூன்று பேராக ஃப்ரிட்ஜை வெளியே இழுத்து முகம் குப்புறப் படுக்கவைத்தோம். பர்னர், எலிமெண்ட், உள்ளே குளிர்த்தகட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ, ஓரத்துப் பட்டை எல்லாம் எடுத்ததும் யூனிட் கையோடு வந்தது.

அப்போதுதான் தெரிந்தது. புதுக் கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் துருக் குழிகள். வெல்டின் மேல் வெல்ட். தயாரிப்பு எண் இருக்க வேண்டிய தகடு சுரண்டப்பட்டிருந்தது. எவரோ கழற்றிப் போட்டதைப் பூசி என்னிடம் புதிது என்று தள்ளியிருக்கிறார்கள். அதைவிடக் கோபம் வந்த இடம் வேறு. குளிர்த்தகட்டுக்கும் ஃப்ரிட்ஜின் உள்சுவருக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பசை இடைவெளி இல்லாமல் தடவியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் குளிர் உள்ளே இறங்காது. அங்கே பசை ஒரு கோடுகூட இல்லை. ஓரத்தில் ஃபோம் அடிக்காமல் பழைய அலுமினியப் பட்டையையே திரும்ப ஒட்டியிருந்தார்கள். யூனிட் ஒழுகாமல் இருந்திருந்தாலும் அந்த 58 டிகிரி மாறியிருக்காது.

வடக்கு இந்தியானாவில் ஆர்வி தயாரிக்கும் ஊர்கள் பக்கத்திலிருந்து ஒரு புது யூனிட் வரவழைத்தேன். இரண்டு சனிக்கிழமை பிடித்தது. பசையை நான் கொஞ்சம் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன், அண்ணன் விடவில்லை. தகடு முழுவதும் தடவி, ஸ்க்ரூக்களை மாறி மாறி இறுக்கி, சுற்றிலும் ஃபோம் அடித்தோம். உடனே உள்ளே தள்ளாமல் 120 வோல்ட்டில் ஒரு நாள் முழுக்க கராஜிலேயே ஓடவிட்டோம். டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டு வைத்தேன். மறுநாள் காலை 36. பொருத்திய பிறகு கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகே பற்றவைத்தோம். கேஸ் வேலையில் பழக்கம் இல்லையென்றால் அந்த ஒரு பகுதிக்காவது தெரிந்தவரை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஹைட்ரஜன், பக்கத்திலேயே நெருப்பு. ஒழுகுகிற யூனிட்டை “இன்னும் ஒரு ட்ரிப்” என்று ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கடைக்குத்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், யூனிட்டைப் பொருத்துவதற்கு முன் தயாரிப்பு எண் தகட்டோடு படம் கேளுங்கள். பசை தடவிய பிறகு ஒரு படம். புதிதா, பழுதுபார்த்ததா என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பழுதுபார்த்த யூனிட் வாங்குவதில் தப்பில்லை, அதற்கான விலையில் அதற்கான பெயரில் விற்கட்டும். பணத்தை கிரெடிட் கார்டில் கொடுங்கள். நூறு டாலர் மிச்சம் என்று ரொக்கமாகக் கொடுத்ததால் கார்டு கம்பெனியிடம் முறையிடும் வழி எனக்கு அடைபட்டது. ஃப்ரிட்ஜை உள்ளே தள்ளிவிட்டால் பின்பக்கத்து வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் அவர்கள் நம்பியிருந்தார்கள்.

அந்தப் பூசிய யூனிட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, வீட்டுக்கு வெளியே கொட்டகையில் வைத்திருக்கிறேன். அந்த மஞ்சள் பொடி விஷம், பிள்ளைகள் தொடவே கூடாது என்று பூட்டும் போட்டிருக்கிறேன். சின்ன வழக்குகளைப் பார்க்கும் டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே போடலாம். மனு கொடுத்துவிட்டேன். விசாரணை நாள் அன்றைக்கு அந்தச் சுரண்டிய தகட்டின் படங்களை எடுத்துக்கொண்டு அண்ணனும் கூட வருகிறார்.