கல்லுத்தரைக்கு எந்த ரயர்: நைலோனா, றேடியலா?

எங்கள் கன்ரர் லொறி ஏற்றுவது பெரும்பாலும் கல், மணல், சீமெந்து, வேலிக்கம்பி. அது போகும் இடங்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில், 1990 இல் சனம் இடம்பெயர்ந்த பின்னர் பல ஆண்டுகள் பற்றை மண்டிக் கிடந்து, பிறகு கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகள். தார் வீதியை விட்டு இறங்கியதும் சில்லுக்குக் கீழே வருபவை மூன்று: மழை அரித்துக் கூராக்கிய சுண்ணாம்புக்கல், விடத்தலும் ஈச்சையும் உதிர்த்த முள், மண்ணுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பழைய முட்கம்பி. ஆறு சில்லுக்கும் ஒரே தடவையில் ரயர் மாற்றவேண்டிய தேவை வந்தபோது, ரியூப் போடும் நைலோன் ரயரா, இரும்புப் பட்டி வைத்த றேடியலா என்ற கேள்வி எழுந்தது. நைலோனையே போட்டோம். அதன் காரணத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல என்பதை வாசிப்பவர் முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது.

றேடியலின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சூடு குறைவு, தேய்வு குறைவு, டீசல் மிச்சம், மழை வீதியில் பிடிப்பு அதிகம். ஏ9 வழியாகக் கொழும்புக்குப் போய்வரும் லொறிக்கு, ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாரிலேயே ஓடும் வண்டிக்கு, வேறு யோசனையே வேண்டாம், றேடியல்தான்.

எங்கள் ஓட்டம் அப்படியல்ல. கட்டுவனிலிருந்தோ மயிலிட்டியிலிருந்தோ காணிக்குள் இறங்கும் கடைசித் துண்டு குறுகியதுதான். ஆனால் ரயரின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தத் துண்டே. அங்கே வேகம் இல்லை, ஆகவே சூடும் பெரிய பிரச்சினை இல்லை. வெட்டும் கிழிவும்தான் பிரச்சினை.

இரண்டு ரயர்களும் கட்டப்பட்ட முறையைப் பார்த்தால் விடயம் விளங்கும். நைலோன் ரயரில் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று சரிவாகக் குறுக்கிட்டு, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை போகின்றன. தரையைத் தொடும் முகத்துக்குக் கீழே எத்தனை அடுக்கு இருக்கிறதோ, ஏறத்தாழ அத்தனை அடுக்கு பக்கச் சுவரிலும் இருக்கும். றேடியலில் உடல் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போக, வலுவின் பெரும்பகுதி முகத்துக்குக் கீழே உள்ள இரும்புப் பட்டிகளில் இருக்கிறது. பக்கச் சுவர் மெல்லியது, வளைந்து கொடுக்கும்படி வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது. ஆணியோ முள்ளோ முகத்தில் ஏறுவதை மட்டும் எண்ணினால் இரும்புப் பட்டி வைத்த றேடியலே முந்தும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சுமை ஏற்றிய றேடியலின் பக்கம் வெளியே பிதுங்கி நிற்கும். கல்லுக்கு அகப்படுவதும் அந்தப் பிதுக்கம்தான்.

பின் அச்சில் இரட்டைச் சில்லு உள்ள வண்டிகளுக்கு இதில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. முழங்கை அளவு கல்லொன்று இரண்டு ரயர்களுக்கும் இடையில் ஏறி இறுகிவிட்டால், ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. தார் வீதிக்கு ஏறி வேகம் எடுத்ததும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கல் இரண்டு உட்பக்கச் சுவர்களையும் அரைத்துக்கொண்டிருக்கும். காணியிலிருந்து வெளியே வந்தவுடன் இறங்கி, ஒரு கம்பியால் இடைவெளியைக் குத்திப் பார்ப்பது எந்த ரயருக்கும் அவசியம். அரைபட்ட நைலோனில் றப்பர் உரிந்து நூல் தெரியும், அதன் கீழே இன்னும் அடுக்குகள் இருக்கும். அதே அளவு அரைபட்ட றேடியலில் அடுத்து இருப்பது காற்றுத்தான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது விலையோ தேய்வோ அல்ல, பழுது பார்க்கும் வசதி. சுன்னாகப் பக்கம் ரயர் ஒட்டும் தம்பி ஒருவரிடம் இதைக் கேட்டபோது அவர் சொன்ன பதில் சுருக்கமானது: "அண்ணை, முகத்திலை ஓட்டை எண்டால் எந்த ரயரையும் கொண்டுவாங்கோ. பக்கம் கிழிஞ்ச றேடியலை மட்டும் இஞ்சை இறக்காதேங்கோ." அவர் சொன்னதில் மிகை இல்லை. இலகு வாகன றேடியலில் முகத்தின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் வரையான துளையை உள்ளிருந்து அடைத்து ஒட்டலாம். முகமும் பக்கச் சுவரும் சேரும் தோள்பட்டையிலும் பக்கச் சுவரிலும் ஒட்டுவது ஏற்கத்தக்கதல்ல. பெரிய லொறி றேடியல்களுக்குப் பக்கச் சுவர் திருத்தம் செய்யும் நிலையங்கள் உண்டு என்றாலும், அது ஊர்க்கடையில் செய்யும் வேலை அல்ல. முழு இரும்பு உடல் கொண்டவற்றில் வெட்டு வழியாக ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும், உள்ளே அடுக்குப் பிரியும். கடற்காற்றிலும் உப்பு ஈரத்திலும் நிற்கும் வண்டிக்கு இது சிறிய விடயமல்ல.

நைலோனில் அதே வெட்டுக்கு உட்பக்கம் நூல்பட்டி வைத்து வல்கனைஸ் செய்து (சூடேற்றி றப்பரை இறுக ஒட்டி), பின் அச்சில் உட்சில்லாகப் போட்டு இன்னும் கொஞ்சக் காலம் உழைக்க வைக்கலாம். வெட்டு எல்லா அடுக்குகளையும் தாண்டிப் பெரிதாகப் போயிருந்தாலோ, ரிம்மைப் பிடிக்கும் விளிம்புக்குக் கிட்ட இருந்தாலோ அதுவும் முடியாது. ஒட்டிய ரயரை ஒருபோதும் முன் அச்சுக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்த எல்லைகளுக்குள் நின்று பார்த்தாலும், ஒரு கிழிவுக்கு ஒரு புது ரயர் என்ற கணக்கும், ஒரு கிழிவுக்கு ஓர் ஒட்டு என்ற கணக்கும் எங்கள் தொழிலில் வேறு வேறு உலகங்கள். தீவுப்பகுதிக்கு, குறிப்பாகக் குறிகட்டுவானில் படகேற்றி நெடுந்தீவுக்கு வண்டி கொண்டுபோவோருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஆனால் அங்குள்ள முருகைக்கல் (பவளக்கல்) தரையில் நாங்கள் தொடர்ந்து ஓடியதில்லை.

நைலோனின் குறைகளையும் சொல்லவேண்டும். ரியூப்பில் ஆணி ஏறினால் காற்று விரைவாக இறங்கிவிடும். ரியூப்லெஸ் ரயரில் ஆணி இருந்தபடியே இருக்க, வண்டி கடை வரை வந்துசேரும். கழற்றுவதும் சிரமம். லொக் றிங் (ரயரை ரிம்மில் பூட்டிப் பிடிக்கும் இரும்பு வளையம்) உள்ள ரிம்மில், காற்றை முழுதும் இறக்காமல் றிங்கில் கை வைப்பது உயிராபத்து. காற்றடிக்கும்போதும் சில்லுக்கு நேரே நிற்கக் கூடாது. நீண்ட ஓட்டத்தில் நைலோன் சூடேறும், முகம் விரைவாகத் தேயும், இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் சிறிது தூரம் தட்டித் தட்டித்தான் ஓடும். டீசலும் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது.

ரயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைப்புத் திரவத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். முள் துளைக்கு உதவும், பக்கக் கிழிவுக்கு உதவாது. பிறகு ஒட்டப் போனால் உட்பக்கத்தைக் கழுவித் துடைக்காமல் ஒட்டுப் பிடிக்காது என்பதால் கடைக்காரர் முகம் சுளிப்பார். காற்றே இல்லாத திண்ம ரயர் இலங்கையிலேயே பெருமளவில் தயாராகிறது, ஆனால் அது போர்க்லிவ்ட் போன்ற மெதுவான இயந்திரங்களுக்கானது. வீதிக்கு ஏறும் வண்டிக்கு அல்ல. பட்டா எனப்படும் சிறிய லொறிக்குப் பன்னிரண்டு அங்குலச் சில்லில் தெரிவு அதிகம் இல்லை, கிடைக்கும் றேடியலைப் போட்டுக் கல்லை விலக்கி ஓட்டவேண்டியதுதான். பிக்கப் வைத்திருப்போருக்குப் பக்கச் சுவரைத் தடிப்பாகச் செய்த ஓல்-ரெறெய்ன் (எல்லாத் தரைக்குமான) றேடியல் நல்லது என்கிறார்கள். அந்த வகையை நண்பரின் வண்டியில் பார்த்ததோடு சரி, ஆகவே அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நைலோன்தான் என்று முடிவெடுப்போர் வாங்கும்போது சில விடயங்களைக் கவனிக்கவேண்டும். ரயரின் பக்கத்தில் 14 பி.ஆர்., 16 பி.ஆர். (பிளை றேற்றிங்) என்று அச்சிட்டிருப்பது வலுவின் தரம். உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்று பொருளல்ல. தயாரிப்புத் திகதி நான்கு இலக்கமாக இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை. கடையில் பல ஆண்டு வெயில் குடித்த ரயரை மலிவென்று வாங்குவதில் பயனில்லை. புது ரயருக்குப் புது ரியூப்பும் புதுப் பிளப்பும் (ரியூப்புக்கும் ரிம்முக்கும் இடையில் வைக்கும் றப்பர்ப் பட்டி) சேர்த்துப் போடவேண்டும்; பழைய ரியூப் நீண்டிருக்கும், உள்ளே மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும். ஒரே அச்சில் நைலோனையும் றேடியலையும் கலக்கக் கூடாது, இரட்டைச் சில்லில் உயரம் வேறுபட்ட இரண்டைச் சேர்க்கவும் கூடாது. உயர்ந்தது சுமை முழுவதையும் தாங்கி முதலில் வெடிக்கும். மேலதிகச் சில்லும் அதே வகையாக இருந்தால்தான் காணிக்குள் மாற்றிப்போட்டு வெளியே வரலாம் என்பதால், ஆறுக்கு அல்ல, ஏழுக்கு விலை கேட்கவேண்டும்.