கோவாக்ஸ்: குமாரபாளையத்து அறையில் மூன்று மாதப் பயிற்சி

வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற துப்பாக்கிச் சுடும் விளையாட்டுகளில் குறி பிசகாமல் இருக்கப் பழகுவதற்கென்றே உருவான மென்பொருள் கோவாக்ஸ். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பணம் கொடுத்து வாங்க வேண்டிய இதனை, மூன்று மாதங்களாக நாள்தோறும் இருபது நிமிடம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

வாங்கியதும், நாம் ஆடும் விளையாட்டின் சென்சிட்டிவிட்டியை, அதாவது மவுஸ் அசைவுக்குக் குறி எவ்வளவு நகர வேண்டும் என்ற அளவை, மாறாமல் இதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும். நான் வேலரண்டில் 800 டிபிஐயும் (மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது கணினிக்கு அனுப்பும் புள்ளிகளின் எண்ணிக்கை) 0.35 சென்சிட்டிவிட்டியும் வைத்திருக்கிறேன்; அதன்படி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். மேசைமேல் தையல் டேப்பை விரித்து, இரு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வேலரண்டிலும் கோவாக்ஸிலும் அதே தூரம் வருகிறதா என்று சரிபார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்கினேன்.

சுவரில் ஆறு உருண்டைகள் தோன்றி, ஒன்றைச் சுட்டால் வேறிடத்தில் ஒன்று முளைக்கும் பயிற்சியே எல்லோரையும் முதலில் ஈர்க்கும். ஆனால் எனக்கு உண்மையில் பயன்பட்டது டிராக்கிங் பயிற்சிதான். மெதுவாக வளைந்து வளைந்து நகரும் உருண்டையின்மேல் கிராஸ்ஹேரை (திரை நடுவிலுள்ள குறிப்புள்ளியை) விலகாமல் வைத்திருக்கும்போது, மவுஸை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பது கண்முன்னே தெரிந்துவிடுகிறது. பிடி இறுகினால் குறி திக்கித் திக்கி நகர்கிறது, விரல்களைத் தளர்த்தினால் எண்ணெய் போட்டதுபோல வழுக்கிச் செல்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள், "ஏனுங்கண்ணா, வேகத்தக் கூட்டினா ஸ்கோர் இறங்கிப் போச்சுங்க" என்று வருந்தினான். பத்துக் குண்டில் ஒன்பதேனும் படும்வரை வேகத்தை மறந்துவிடச் சொன்னேன். அடுத்த வாரமே அவன் கை நிதானப்பட்டது.

குண்டு படும்போது எழும் சிறு ஒலியே கைக்குத் தாளம் தருவதால், தறி ஓடும் நம் ஊர்களில் காதை முழுவதும் மூடும் ஹெட்போன் அவசியம். கோடையில் வியர்வைபட்ட கை மவுஸ்பேடில் ஒட்டிக்கொள்ளும். பழைய பனியன் துணியில் முழங்கைவரை ஓர் உறை தைத்துப் போட்டுக்கொண்டேன், அந்தத் தொல்லை தீர்ந்தது.

மூலையில் எதிரி எட்டிப் பார்க்கும் முன்பே தலை உயரத்தில் குறியை வைத்துக் காத்திருப்பதும், ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சுடுவதும் இதில் வந்துவிடா. ஆகையால் இருபது நிமிடம் முடிந்ததும் வேலரண்டிலேயே ஒரு டெத்மேட்ச் (அணி இல்லாமல் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் சுடும் ஆட்டம்) ஆடுவதை நான் விடுவதில்லை.

புதியவர்கள் இலவசமாகக் கிடைக்கும் எய்ம்லேப்ஸ் என்ற இதேபோன்ற பயிற்சி மென்பொருளில் ஒரு மாதம் பழகலாம். அதன்பிறகும் தினமும் உட்காரும் வழக்கம் நிலைத்திருந்தால், ஸ்டீமில் தள்ளுபடி வரும்போது கோவாக்ஸை வாங்கிக்கொள்ளுங்கள்.