ஈசி, பட்டா ரெண்டையும் ஆன்லைன்ல பாக்குறவங்களுக்கு என் அனுபவம்

சில வருஷமாவே இடம் வாங்குறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல பாக்குற வேலை என் தலையிலதான் விழுது, சொந்தக்காரங்க யாரு எங்க இடம் பாத்தாலும் சர்வே நம்பரை வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடுவாங்க. நான் யூஸ் பண்றது முக்கியமா ரெண்டு தளம். பட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம், யார் பேர்ல இருக்குன்னு சொல்ற கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) இதுக்கெல்லாம் தமிழ்நாடு இ-சர்வீசஸ், ஈசிக்கும் (வில்லங்கச் சான்று, அந்த இடத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல்) வழிகாட்டி மதிப்புக்கும் (பத்திரப் பதிவுக்கு அரசு வச்ச நில மதிப்பு) டிஎன்ரெஜிநெட். ஈசி சும்மா பாக்க காசு கிடையாது, கையெழுத்தோட நகல் வேணும்னாதான் கட்டணம்.

நல்லது என்னன்னா, ப்ரோக்கர் சொல்ற கதைல பாதி வீட்டுல உக்காந்தே தெரிஞ்சிடும். பட்டா இருக்குன்னு ஜெராக்ஸ் காட்டுவாங்க, அதே நம்பரைப் போட்டா கூட்டுப் பட்டா, நாலு பேர் வரும். விக்கிறவர் அதுல ஒருத்தர், மத்தவங்க கையெழுத்து எங்கன்னு கேட்டா "அதெல்லாம் பேசிக்கலாம் சார்"னு ஒரு பதில். அங்கேயே நிறுத்திடலாம்.

ஆனா ஈசி பாக்குறதுல பெரிய பொறி ஒண்ணு இருக்கு, உட்பிரிவு, அதாவது ஒரு சர்வே நம்பரைப் பிரிச்சு புது நம்பர் குடுக்கறது. இன்னைக்கு இடம் 112/3ஏ2ன்னு இருக்கும், அதை மட்டும் போட்டுத் தேடினா சுத்தமா வரும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா உட்பிரிவு ஆகறதுக்கு முன்னாடி நடந்த பத்திரமெல்லாம் 112/3லயோ வெறும் 112லயோதான பதிவாகி இருக்கும்? திண்டிவனம் பக்கம் ஒரு நிலத்துக்கு இப்படி பழைய நம்பரையும் சேத்துப் போட்டு தேடினப்ப, அப்பா உயிரோட இருக்கும்போதே மகளுக்கு செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள்ள சொத்தை எழுதிக் குடுக்கற பத்திரம்) எழுதி வச்சது வந்துச்சு. விக்க வந்தவர் மகன், வாரிசு சான்று வச்சு அவர் பேருக்கு பட்டாவே மாறி இருக்கு. பட்டால பேர் இருக்குன்னா உரிமை அவருக்குன்னு அர்த்தம் இல்ல, உரிமைக்கு பத்திரத் தொடர்ச்சிதான் பேசணும். அதனால எப்பவும் தாய்ப்பத்திரத்துல (இப்ப உள்ள பத்திரத்துக்கு மூலமான பழைய பத்திரம்) என்ன சர்வே நம்பர் இருக்கோ அதுல ஆரம்பிச்சு கீழ வாங்க. அந்த கிராமம் முன்னாடி வேற சார்பதிவாளர் ஆபீஸ் எல்லைல இருந்துச்சான்னும் கேட்டுக்கணும், பழைய பதிவு அங்க கிடக்கலாம்.

13 வருஷ ஈசி போதும்னு இன்னும் சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, பேங்க்காரனே 30 வருஷம் கேக்குறான். ஆன்லைன்ல பெரும்பாலும் 1975ல இருந்துதான் கிடைக்கும், அதுக்கு முந்தினது வேணும்னா ஆபீஸுக்குப் போய் மனு போட்டு கையால தேட வைக்கணும். ஈசில எம்ஓடின்னு ஒரு என்ட்ரி இருந்தா பேங்க்ல பத்திரம் வச்சு கடன் வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம், அதுக்குக் கீழ கடன் அடைச்சதுக்கான ரசீது பதிவாகி இருக்கான்னு பாருங்க, "கடன் முடிஞ்சிடுச்சு"ன்னு வாயால சொல்றது செல்லாது. அதே மாதிரி பதியாத உயில், வாய்ப்பேச்சு பாகம், கோர்ட்ல ஓடுற கேஸ் இதெல்லாம் ஈசில தானா வந்து நிக்காது. கேஸுக்கு இகோர்ட்ஸ்ங்கிற கோர்ட் தளத்துல பேரைப் போட்டு பாக்கலாம், ஆனா இங்கிலீஷ் ஸ்பெல்லிங் படுத்தி எடுக்கும், முருகேசனை எத்தனை விதமா எழுதலாமோ அத்தனையும் போட்டுப் பாக்கணும்.

புலப்படத்தை நிறைய பேர் கண்டுக்கறதே இல்ல, எனக்கு என்னமோ அதுதான் ரொம்ப பிடிக்கும். அளவெல்லாம் மீட்டர்ல இருக்கும், பட்டால பரப்பு ஹெக்டேர்-ஏர்ல வரும், 1 ஏர் சுமாரா 2.47 சென்ட், கால்குலேட்டர்ல போட்டு பத்திரத்தோட ஒத்துப் பாத்துக்கலாம். வடக்கால 20 அடி ரோடுன்னு பத்திரத்துல எழுதியிருப்பாங்க, புலப்படத்துல பாத்தா ரோடே இருக்காது, பக்கத்துக்காரர் பட்டா நிலத்துல வண்டி போய் போய் விழுந்த தடமா இருக்கும், நாளைக்கு அவர் வேலி போட்டா முடிஞ்சுது. இல்லன்னா அந்தப் பக்க நம்பர் அ-பதிவேட்டுல ஓடைப் புறம்போக்குன்னு, அதாவது அரசு நிலம்னு வரும்.

இதெல்லாம் பாத்தாலும் வக்கீல் கிட்ட லீகல் ஒப்பினியன் வாங்காம விடமாட்டேன், ஆனா அவர்கிட்ட போகும்போது வெறுங்கையோட போகாம கேள்வியோட போறோம், அது பெரிய வித்தியாசம். அப்புறம் அட்வான்ஸ் குடுக்கும்போது எடுத்த ஈசிய வச்சு பத்திரம் பண்ணிடாதீங்க, பதியப் போற அன்னிக்குக் காலைலயும் ஒருக்கா போட்டுப் பாருங்க, நடுவுல உள்ள ரெண்டு மூணு மாசத்துல வேற யாருக்காச்சும் அக்ரிமென்ட் போட்டுக் குடுக்கறவங்களும் இருக்காங்க.