குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: மலைக்காட்டுக்கு நல்ல மேப், ஆனா ரோஸ் கலர பாத்து விவசாயிய திட்டிடாதீங்க

இந்த வெப்சைட்ட கொஞ்ச நாளா நல்லாவே யூஸ் பண்ணிட்டு இருக்கேன், அதான் எழுதறேன். 2014ல ஆரம்பிச்சது, முழுக்க இலவசம். எந்த மலைக்கு வேணா போய் 2001ல இருந்து வருஷா வருஷம் எங்கெங்க மரம் போச்சுன்னு ஓட்டி பாக்கலாம். மொத தடவ பாத்தப்போ எனக்கு வயிறு கலங்கிடுச்சு, மரம் போன எடத்த ரோஸ் புள்ளியா காட்டுவாங்க, அடிவாரத்துல இருந்த அந்த புள்ளியெல்லாம் வருஷம் போக போக சரிவுல மேல மேல ஏறிட்டே போகுது.

ஆனா அந்த ரோஸ் கலருக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்காம பாத்தா ரொம்ப தப்பாயிடும். முக்கியமான கணக்கு லேண்ட்சாட்ங்கற சாட்டிலைட் எடுக்கற படத்துல இருந்து வருது, ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். 5 மீட்டருக்கு மேல வளந்தது எல்லாமே அதுக்கு மரம் தான், ரப்பர் தோட்டம், யூக்கலிப்டஸ் உட்பட. அதனால தோட்டத்துல மரம் அறுத்தாலும் ரோஸ், பழைய காட்ட ஒரேடியா அழிச்சாலும் ரோஸ், கொஞ்சம் வெட்டி பயிர் வச்சுட்டு அப்புறம் பல வருஷம் அப்படியே விட்டு திரும்ப காடா வளர விடற மலை விவசாயியோட துண்டு நிலமும் அதே ரோஸ். அங்க மறுபடி மரம் வந்தாலும் அந்த புள்ளி அழியாது. மர இழப்பு வேற காடழிப்பு வேறன்னு சைட்லயே சொல்லிருக்காங்க, ப்ளீஸ் அத படிங்க, ஆதிக்காடு (அதாவது பெருசா கை வைக்காத பழைய இயற்கைக் காடு) லேயரையும், மரம் ஏன் போச்சுன்னு காரணம் காட்டற லேயரையும் மேப் மேல சேத்து போட்டு பாத்துட்டு பேசுங்க.

மலைன்னா மேகம், மேகம் மூடினா லேண்ட்சாட்டுக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்கு சென்டினல் 1ங்கற சாட்டிலைட்டோட ரேடார் வச்சு வர்ற அலர்ட் இருக்கு, 10 மீட்டர் அளவுல, மேகத்த தாண்டி பாக்கும். ஃபாரஸ்ட் வாச்சர்னு ஒரு ஆப்பும் இருக்கு, சிக்னல் இல்லாத காட்டுக்குள்ள கூட வேலை செய்யும்.

2024ல வெப்பமண்டல ஆதிக்காடு மட்டும் 67 லட்சம் ஹெக்டேர் போயிருக்கு, கிட்டத்தட்ட பாதி தீயால. சூடும் வறட்சியும் கூடினா காடு காஞ்சு கெடக்கு, நிலம் திருத்த வச்ச தீ கை மீறி போயிடுது. கீழ சூடு தாங்காம காப்பி போடறவங்க குளிர்ச்சி தேடி இன்னும் மேல போனா அங்கயும் மரம் தான் விழும், அப்புறம் மண்ணு கரையும், ஊத்து வத்தும்.

5க்கு 4 குடுப்பேன். எவ்ளோ கார்பன் போச்சுன்னு காட்டறாங்க, எந்த ஊத்து வத்துச்சுன்னும் காட்டுனா மலையில இருக்கறவங்களுக்கு அது தான் மொதல்ல பாக்கற லேயரா இருக்கும்.